10க்கு 8 ரூமுல மிஷின், ஓவர்லாக், ஆரி கட்டை எல்லாத்தையும் எப்படி அடக்குறது? யோசனை சொல்லுங்க

கோவில்பட்டி செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலயே பிளவுஸ் தைச்சுக் குடுக்குறேன், கொக்கி ஊசியால போடுற ஆரி எம்பிராய்டரி ஒர்க்கும் போடுறேன். இத்தனை நாள் ஹால் ஓரத்துல மிஷினைப் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன். பெரிய பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதுல அவ ரூம் எனக்கு வந்திருக்கு. 10க்கு 8. மேற்குப் பார்த்த ஜன்னல் ஒண்ணு. ஒரு சுவர் பூரா கடப்பாக் கல் ஷெல்ஃப், மேல பரண்.

உள்ள போக வேண்டியது: மோட்டார் மாட்டின உஷா கால் மிஷின், துணி ஓரம் பிரியாம அடிக்கிற ஓவர்லாக் மிஷின், ஆரி போடத் துணியை இழுத்துக் கட்டுற நாலடி கட்டை, ஒரு பீரோ, அயர்ன் பாக்ஸ். அப்புறம் நூல், லைனிங், ஹூக், கேன்வாஸ், ஃபால்ஸ், பீட்ஸ், ஜர்தோசி, குந்தன்னு டப்பா டப்பாவா இருக்கு. கஸ்டமர் துணி ஒரு பக்கம் மலையா கிடக்கு. தரையில பெட்ஷீட் விரிச்சு உக்காந்து வெட்டுறேன், வெட்டி முடிச்சதும் அதைச் சுருட்டி வெச்சிருவேன். தைக்கிற நேரத்தை விட தேடுற நேரம்தான் அதிகம். மெரூன் நூல் எங்கன்னு பாத்தா அது அடிநூல் சுத்துற பாபின்ல வேற கலர் நூலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும்.

வீட்டுக்காரர் ஆசாரியைக் கூட்டிட்டு வந்து காட்டினார். சுவர் முழுக்க பிளைவுட்ல டிராயர் வெச்சு அடிச்சுத் தரேன்னு ஒரு தொகை சொல்றார். ரெண்டு கல்யாண சீசன் தைச்ச காசு அதுலயே போயிடும் போல. இதுக்கு நடுவுல அத்தை அவங்களோட ரெண்டு அரிசி டின்னையும் புளிப் பானையையும் "சும்மாதானே கிடக்கு ரூம்"னு அங்க கொண்டுவந்து வெச்சுட்டாங்க.

நூல் எங்க, லைனிங் எங்க, பீட்ஸ் எப்படி, டிராயர் அடிக்கலாமா வேண்டாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

திருவான்மியூர் பாமா:

நான் தொழிலா பண்றதில்லை, பேத்திகளுக்கு கவுன், மிச்சத் துணியில பேட்ச் ஒர்க், அவ்வளவுதான். ஆனா கடல்காத்து பக்கத்துல இருக்கறதால ஒண்ணு சொல்றேன். கதவு வெச்ச அலமாரியா அடிச்சுக்கோங்கோ. திறந்த ஷெல்ஃப்ல வெச்ச குண்டூசி, ஊசி எல்லாம் எங்காத்துல ஒரு மழைக்காலம் தாங்காது, துரு பிடிச்சு வெள்ளைத் துணியில புள்ளி விழுந்துடும். ஊசி டப்பாவுல ரெண்டு துண்டு சாக்பீஸ் போட்டு வெச்சா ஈரத்தை இழுத்துக்கும். அரிசி டின்னுக்கு யோசனை சொல்ற தைரியம் எனக்கு இல்லை.

மதுரை டெய்லர்:

செல்விம்மா, ஆசாரிக்கு அட்வான்ஸ் இன்னும் குடுக்கலைல்ல? இப்போதைக்குக் குடுக்காதீங்க.

நீங்க எழுதுனதுல நூல் எங்க, லைனிங் எங்கன்னு வரிசையாக் கேள்வி இருக்கு. வெட்டுறது எங்கன்னு ஒரு கேள்வி இல்ல. தரையில வெட்டுறேன்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க. அந்த ரூமோட தலையெழுத்தே அதுலதாம்மா இருக்கு. வெட்டுற இடம் நிலையா இல்லாத வீட்டுல எந்தச் சாமானுக்கும் நிலையான இடம் இருக்காது. பெட்ஷீட்டைச் சுருட்டும்போது கத்திரி ஒரு பக்கம், கோடு போடுற சாக்பீஸ் ஒரு பக்கம், டேப்பு ஒரு பக்கம்னு போகத்தான் செய்யும். டிராயர் அடிச்சா அதெல்லாம் டிராயருக்குள்ள தொலையும், அம்புட்டுதான் வித்தியாசம்.

நான் தொழில் பழகுனது புதுமண்டபத்துல, எங்க தாய்மாமா கடையில. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதுத்தாப்புல திருமலை நாயக்கர் கட்டுன மண்டபம். இப்பக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாக. அப்பத் தூணோரத்துல எல்லாம் டெய்லர்தான். ஒரு மிஷின், பக்கத்துல ஒரு பலகை, தலைக்கு மேல ஒரு கயிறு, இதுதான் மாமா கடை. உங்க ரூமுல கால்வாசி இருந்தாப் பெருசு. காலையில மிஷின்ல உக்காந்தாருன்னா டீ குடிக்கத்தான் எந்திரிப்பாரு. கத்திரி வலது கைப்பக்கம், சாக்பீஸ் காது இடுக்குல, ஊசி சட்டைக் காலர் மடிப்புல. பலகை பூரா வெட்டுறதுக்குத்தான், அதுல டீ கிளாஸ் வெச்சாக்கூட வைவாரு. வேலை நேரத்துல ஆளை எந்திரிக்க வெக்கிற சாமான் எது இருந்தாலும் அது இடம் மாறியிருக்குன்னு அர்த்தம்னு சொல்வாரு.

அதனால முதல்ல ஒரு வெட்டுமேசை. புதுசா வாங்காதீங்க. பழைய வீடு இடிச்ச சாமான் விக்கிற கடையில பிளஷ் டோர் கிடைக்கும், வழவழன்னு ஒரே பலகையா இருக்கிற கதவு. ஆறரை அடி நீளம் இருக்கும், ரெண்டரை அடி அகலத்துல கேளுங்க. கீழ இரும்பு ஆங்கிள்ல வெல்டிங்காரர்கிட்ட ஸ்டாண்டு அடிச்சுக்கங்க. உயரம் ரொம்ப முக்கியம். நேரா நின்னு முழங்கையை மடக்குங்க, முழங்கைக்கு அரைச் சாண் கீழ மேசை நிக்கணும். அஞ்சடி ஒரு அங்குலம் இருக்கிற ஆளுக்கு 34 அங்குலம் கிட்ட வரும். சாப்பாட்டு மேசை 30 அங்குலம்தான், அதுல குனிஞ்சு வெட்டினா நாப்பது வயசுல இடுப்பு போயிரும். தரையில வெட்டுறதைப் பத்திச் சொல்லவே வேணாம்.

மேசைக்கு அடியில ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் கிடைக்கும். லைனிங் கட்டு, கேன்வாஸ் ரோல் எல்லாம் அங்க போயிரும். அரிசி டின்னு மட்டும் வேணாம்மா. அரிசி இருந்தா எலி வரும், எலி அரிசியோட நிறுத்திக்கிறாது. கல்யாணப் பட்டை எலி கடிச்சா யாரு பதில் சொல்றதுன்னு உங்க அத்தைகிட்ட நீங்க கேக்காதீங்க, உங்க வீட்டுக்காரரை விட்டுக் கேக்கச் சொல்லுங்க.

அடுத்தது வெளிச்சம். மிஷினை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டீங்கன்னா உங்க நிழலே ஊசி மேல விழும். ஜன்னல் உங்க இடது கைப்பக்கம் வர்ற மாதிரி போடுங்க. மிஷினோட தூண் வலது பக்கம்தான இருக்கு, இடது பக்கத்து வெளிச்சம் தடையில்லாம ஊசியில விழும். மேற்கு ஜன்னல்ங்கிறதால சாயங்கால வெயில் நேரா உள்ள அடிக்கும். பழைய வேட்டியைத் திரையாக் கட்டிவிட்டா வெளிச்சம் வரும், கண்ணு கூசாது. அந்த வெயில் படுற இடத்துல நூல் ரேக்கு மட்டும் வெச்சிராதீங்க. கலரும் வெளுக்கும், காட்டன் நூலா இருந்தா இத்தும் போயிரும். பழைய நூலை எடுத்ததும் ரெண்டு கையாலயும் வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க, பட்டுன்னு அத்துச்சுன்னா கை தையலுக்குக்கூட ஆகாது. மேட்சிங் நூல் எடுக்குறதைப் பகல்லயே முடிச்சிருங்க. டியூப் லைட்டுல மெரூனும் காப்பிக் கலரும் ஒண்ணாத் தெரியும்.

பாபின் விஷயம். ஒரு கலர் மேல இன்னொரு கலர் சுத்துற பழக்கத்தை இன்னைக்கே விடுங்க. பாபின் என்ன விலை? ஒரு டஜன் வாங்கிப் போடுங்க. நூல்கண்டு மாட்டுற ஆணியிலயே அதே கலர் பாபினையும் மாட்டிருங்க. உங்க மிஷினுக்கு வர்ற பாபினான்னு பழைய பாபின் ஒண்ணைக் கையில கொண்டுபோய்க் காட்டி வாங்கணும், கடைக்காரர் கையில கிடைக்கிறதைக் குடுத்துருவாரு. ஊசியும் அப்படித்தான். ஒரு பக்கம் தட்டையா இருக்கிறது HAx1, வீட்டு மிஷினுக்கு. தண்டு முழுக்க உருண்டையா இருக்கிறது DBx1, கார்மென்ட்ஸ் கம்பெனியில ஓடுற பவர் மிஷினுக்கு. உங்க மிஷின்ல இப்ப மாட்டியிருக்கிற ஊசியைக் கழட்டிப் பாத்துக்கிட்டு ரெண்டையும் ஒரே டப்பாவுல போடாம வைங்க. ஒடஞ்ச ஊசிக்கு மூடி திருகுற பழைய மாத்திரை பாட்டில். வீட்டுல சின்னப்புள்ள இருந்தாலும் இல்லாட்டாலும்.

இப்ப கஸ்டமர் துணி. மலையா கிடக்குன்னு சொன்னீங்களே, அதுதான் உங்க சாமானுலயே விலை கூடுனது. நூல் தொலைஞ்சா வேற வாங்கலாம், அடுத்தவுக முகூர்த்தப் பட்டு தொலைஞ்சா எங்க போவீங்க? ஆளுக்கு ஒரு மஞ்சப்பை. பிளவுஸ் பிட்டு, லைனிங், அளவு ஜாக்கெட், ஒரு சீட்டு, நாலும் ஒரே பையில. சீட்டுல பேரை விடப் பெருசா தேதி எழுதுங்க. நீங்க குடுக்குறதாச் சொன்ன தேதி இல்ல, அவுகளுக்கு விசேஷம் எந்தத் தேதியோ அது. கடப்பாக் கல் ஷெல்ஃபுக்குக் கீழ ஒரு ஜி.ஐ. பைப்பைப் போட்டு, எஸ் கொக்கியில பையைத் தேதி வரிசையாத் தொங்கவிடுங்க. இடது ஓரத்துல தொங்குற பைதான் இன்னைக்கு வேலை. புதுசா வர்ற பை அதோட தேதிக்குத் தக்கன நடுவுல நுழையும். பாமாம்மா கதவு வெச்ச அலமாரி சொன்னாக, ஊசிக்கும் பட்டுக்கும் அது சரிதான். வேலை நடக்குற பைகளைக் கதவுக்குள்ள வெக்கக் கூடாது. கண்ணுல படாத வேலை கையில ஏறாது.

வெட்டுத் துண்டையும் அந்தப் பையிலயே போட்டுத் திருப்பிக் குடுங்க. டெய்லர் துணி அடிச்சுட்டான்னு பேர் வாங்காத டெய்லர் நாட்டுல கிடையாது. கைக்குட்டை அளவு துண்டு மடிச்சு உள்ள இருந்தா அடுத்த தடவை அவுக அக்கா தங்கச்சியையும் சேத்துக் கூட்டிட்டு வருவாக.

அயர்ன் பாக்ஸுக்குத் தனி பிளக் பாயிண்டு. மிஷின் ஓடுற எக்ஸ்டென்ஷன் பெட்டியிலயே அதையும் செருகாதீங்க, ஒயர் சூடேறும். வெட்டுமேசையோட ஒரு ஓரத்துல கம்பளியை மடிச்சுப் போட்டு மேல பழைய காட்டன் வேட்டியை இழுத்துக் கட்டிட்டா அதுவே அயர்ன் பலகை. மிஷின்லருந்து கை எட்டுற தூரத்துல இருக்கணும். ஒவ்வொரு தையலையும் அப்பப்ப அமுக்கித் தேய்ச்சாத்தான் பிளவுஸ் கடை பிளவுஸ் மாதிரி இருக்கும். தூரத்துல இருந்தா தேய்க்க மாட்டீங்க, கடைசியில மொத்தமாத் தேய்ச்சுக்கலாம்னு விட்டுருவீங்க.

பேட்டர்ன் பேப்பரை மடிக்காதீங்க. மார்பளவு 32, 34, 36னு அட்டையில வெட்டி, ஓட்டை போட்டு, கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டிருங்க. மிச்சம் பீரோ, பரண் எல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க.

ஆரி கலா, கோபி:

செல்விக்கா, வணக்கம்ங்க. டெய்லர் அண்ணா மிஷின் பக்கம் எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. ஆரி கட்டைய விட்டுட்டாரு. நான் ஆரி கிளாஸ் எடுக்கறேங்க, அதனால அந்தப் பக்கம் மட்டும் சொல்றேன்.

நாலடி கட்டைய விரிச்சே வெச்சிருந்தா அந்த ரூமுல நடக்க முடியாதுங்க. கழட்டுற மாதிரி ஸ்டாண்டா இருந்தா நல்லது. துணிய இழுத்துக் கட்டின சட்டத்த மட்டும் தூக்கிச் சுவத்தோரமா நிறுத்திக்கலாம், மேல பழைய துப்பட்டாவப் போட்டு மூடிரோணும். பட்டு மேல தூசி ஏறுனா தட்டித் தட்டியே ஒர்க்கு தளந்து போயிரும். சட்டத்துல கட்டுன துணிய ரொம்ப நாள் அப்படியே விடாதீங்கக்கா. பட்டு இழுபட்டுப் போய் கட்டுன ஓரத்துல ஓட்டை தெரிய ஆரம்பிச்சுரும். பாதியில நிறுத்தற வேலையா இருந்தா கயித்தக் கொஞ்சம் தளத்திவிட்டுருங்க.

பீட்ஸ்ல எல்லாரும் கலர் வாரியாப் பிரிப்பாங்க. எனக்கு அது ஒத்து வர்றதில்லைங்க. சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், பைப், சமிக்கின்னு முதல்ல வகை, அதுக்குள்ள கலர். வேலை செய்யறப்ப கை தேடறது சைஸத்தான். ஒட்டுமொத்தமா ஒரே பெரிய டப்பாவுல கட்டம் கட்டமா இருக்கற பெட்டி வாங்காதீங்க, அது ஒருவாட்டி கவுந்துச்சுன்னா அன்னிக்கு முழுக்கப் பொறுக்கற வேலைதான். திருகு மூடி போட்ட சின்னச் சின்ன டப்பாவா வாங்குங்க. உள்ள இருக்கறதுல நாலு மணிய மூடி மேல ஃபெவிகால்ல ஒட்டிட்டா திறந்து பாக்கற வேலையே இல்லைங்க. கட்டைக்கு அடியில எப்பவும் ஒரு வெள்ளைப் பெட்ஷீட் விரிச்சிருக்கோணும், சிந்துனத உதறி எடுத்துக்கலாம்.

ஜர்தோசி, ஜரி ரெண்டும் காத்துப் பட்டா கறுத்துரும். காத்துப் புகாத டப்பாவுல, புது ஹேண்ட்பேக் வாங்கறப்ப உள்ள இருக்குமில்லீங்களா சிலிக்கா பொட்டலம், அதுல ஒண்ணப் போட்டு வைங்க. அந்துருண்டைய ஜரி மேல படற மாதிரி போடாதீங்க. பட்டுப் புடவை வெக்கற பீரோவுல நான் வசம்பத்தான் துணியில முடிஞ்சு போடறேன்.

சில்க் திரெட் கோன்ல ஒட்டியிருக்கற நம்பர் சீட்டக் கிழிச்சுராதீங்கக்கா. ஒரு நோட்டு போட்டு, அரை விரல் நீளம் நூல ஒட்டி, பக்கத்துல நம்பர் எழுதிட்டீங்கன்னா திரும்ப வாங்கறதுக்கு நோட்ட எடுத்துட்டுப் போனாப் போதும். கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் மாறும், அதனால கம்பெனி பேரையும் எழுதிக்கோங்க. ஆரி ஊசிய ஜூஸ் குடிக்கற ஸ்ட்ரால சொருகி வெச்சா கொக்கி முனை மழுங்காது.

கோவில்பட்டி செல்வி:

அண்ணாச்சி, கலா, பாமாம்மா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கலா, மூடி மேல மணி ஒட்டுறதை இன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். ஆசாரிகிட்ட இப்ப வேண்டாம்னு சொல்லியாச்சு, மூஞ்சி கொஞ்சம் சுருங்கிடுச்சு.

அண்ணாச்சி, ரெண்டு சந்தேகம். மேசை ஆறரை அடின்னா 8 அடி சுவர்ல போட்டா ஓவர்லாக் எங்க போகும்? அப்புறம் லைனிங் நனைச்சுக் காயப்போட இடம் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலை. டூ பை டூ காட்டன் லைனிங்கை நனைக்காம வெட்டுனா முதல் துவைப்புலயே சுருங்கிடுது, அதனால எல்லாத்தையும் நனைச்சுத்தான் வெட்டுறேன். கொடியில காயுற லைனிங்ல யாரோடது எதுன்னு குழம்புது.

அரிசி டின் விஷயம்: வீட்டுக்காரர் கேட்டார். ஒரு டின் வெளிய போயிடுச்சு. இன்னொரு டின்னும் புளிப் பானையும் இன்னும் உள்ளதான் இருக்கு.

மதுரை டெய்லர்:

ஒரு டின்னு போனதே பெரிய காரியம்மா. ஆடி மாசம் முடியட்டும், ஆவணி முகூர்த்தத்துக்குப் பைபையாத் தொங்குறதைப் பாத்தா அத்தையே எடுத்துருவாக.

மேசையை 10 அடிச் சுவர் பக்கமாப் போடுங்க, ஜன்னல் சுவரை மிஷினுக்கு விடுங்க. ஓவர்லாக் மிஷினுக்கு நேர் எதிர்ல இல்லாம, பக்கவாட்டுல எல் வடிவத்துல இருக்கணும். சக்கரம் வெச்ச ஸ்டூல்ல உக்காந்தீங்கன்னா மிஷின்லருந்து ஓவர்லாக்குக்குத் திரும்புனாப் போதும், எந்திரிக்க வேண்டியதில்ல. மேசையைச் சுவத்தோட முழுசா ஒட்டாம ஒரு அரை அடி விட்டுப் போட்டாத் துணி தொங்குறதுக்கு வசதி. முடிஞ்சா மேசைக்கு மூணு பக்கமும் நீங்க நடந்து வரணும். துணியைத் திருப்பாம ஆளு திரும்பி வெட்டுறதுதான் நல்ல வெட்டு.

லைனிங்குக்கு ஒரு வழி இருக்கு. வாங்குன லைனிங்கை ஆளுக்கு ஆள் தனித்தனியா நனைக்காதீங்க. அடிக்கடி போற கலர், சந்தனம், கருப்பு, மெரூன், பச்சை, இதுகளைக் கொஞ்சம் மொத்தமா வாங்கி, கலருக்கு ஒரு வாளின்னு நனைச்சு, நிழல்ல காயவெச்சு, தேய்ச்சு, சுருட்டி வெச்சிருங்க. வெட்டுற அன்னைக்கு ரோல்லருந்து வேணுங்கிறதை வெட்டி அந்தப் பையில போட்டாப் போச்சு. மெரூனும் பச்சையும் முதல் தண்ணியில சாயம் விடும், அதுகளைக் கடைசியா நனைங்க. கஸ்டமரே லைனிங் கொண்டுவந்து குடுத்தா நனைக்கும்போதே ஓரத்துல ஒரு ஊக்குக் குத்தி, சீட்டுல இருக்கிற பேரைத் துண்டுத் துணியில பால்பாயிண்ட் பேனாவால எழுதி மாட்டிருங்க. ஊக்கு துருப்பிடிக்காததா இருக்கட்டும். ஃபால்ஸையும் இதே மாதிரி நனைச்சுத்தான் அடிக்கணும், இல்லன்னா புடவைக் கரை சுருக்கம் விழும்.

திருவான்மியூர் பாமா:

டெய்லர் சார், எனக்கும் ஒரு கேள்வி. அந்தப் பழைய கதவுல தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் இருந்த ஓட்டை இருக்குமே? அதுல கத்திரி மாட்டாதா?

மதுரை டெய்லர்:

மாட்டும்மா, நல்லாக் கேட்டீங்க. தாழ்ப்பாள் ஓட்டையில மரத்தூளும் பெவிகாலும் பிசைஞ்சு அடைச்சு, ஒரு நாள் இறுகவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிரணும். பூட்டு இருந்த இடம் பெருசா இருக்கும், அந்த ஓரத்தைச் சுவத்துப் பக்கம் போட்டுருங்க. மேல வார்னிஷ் அடிக்காதீங்க, பட்டு வழுக்கும். மெல்லிசு காடாத் துணியை இழுத்துப் பலகைக்கு அடியில ஆணி அடிச்சிருங்க, துணி நகராது. கதவு விளிம்பு நாலையும் விரல் வெச்சுத் தடவிப் பாத்துட்டு, சிலும்பு எதுவும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் முதல் பட்டை விரிங்க.